கொழும்பில் இருந்துகொண்டு வயல் வைத்திருப்பவருக்கு: உழவு முதல் உஷ்ர் வரை

மருதானை, தெமட்டகொடை, வெள்ளவத்தை என்று கொழும்பில் குடியேறிவிட்ட முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்னும் ஊரில் வயல் இருக்கிறது. சம்மாந்துறையிலோ கிண்ணியாவிலோ மன்னாரிலோ வாப்பா விட்டுப்போன இரண்டு மூன்று ஏக்கர். குத்தகைக் காசு போகத்துக்கு ஒருமுறை வங்கிக்கு வரும். ரமழான் பிறந்ததும் எல்லாவற்றையும் கூட்டி, ஸகாத்தாக இரண்டரை வீதம் போட்டு, ஒரு காசோலை எழுதிவிடுவோம்.

வயல் விளைச்சலின் ஸகாத்தான உஷ்ருக்கு ஷரீஆ வைத்திருக்கும் கணக்கு வேறு. அதன் பங்கை நெல்லாகவே, அறுவடையோடு, வயல் இருக்கும் ஊரிலேயே கொடுக்கச் சொல்கிறது. நேரம், இடம், பொருள் ஆகிய மூன்றையும் கொழும்புக்காரர் மாற்றிவிட்டோம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டு விளைச்சல் விழுந்தபோதும், 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் வரை ஏறியபோதும், அந்த மூன்றும் ஏன் அப்படி வைக்கப்பட்டன என்பது விளங்கியிருக்க வேண்டும். காசு கையில் இருந்தும் அரிசி வாங்க முடியாத நாட்கள் அவை.

இந்த வழிகாட்டி விதைப்புக்கு முன்னிருந்து வரிசையாகப் போகிறது. இலங்கையில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட வழி) என்பதால் அதை அடிப்படையாக எடுத்திருக்கிறேன். கொழும்பில் மேமன் சமூகம் உட்பட ஹனஃபி மத்ஹபினரும் இருப்பதால் முக்கியமான இடங்களில் அந்தக் கருத்தையும் சொல்கிறேன். உங்கள் குடும்பத்துக்கென்று சிக்கல் இருந்தால் மஹல்லா (பள்ளிவாசல் பகுதி) மௌலவியிடமோ அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் பத்வாப் பிரிவிடமோ கேளுங்கள்.

படி 1: வயலைச் சும்மா போடாதீர்கள்

நிலம் உள்ளவர் அதில் பயிரிடட்டும், இல்லையென்றால் தம் சகோதரருக்குக் கொடுக்கட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் வாக்கு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. நம்மிடம் தரிசாகக் கிடப்பவை பெரும்பாலும் வாரிசுக் காணிகள். ஒருவர் கொழும்பில், ஒருவர் கட்டாரில், தங்கச்சி கண்டியில். பாகப்பிரிவினை பேசி முடியாமல் போகம் போகமாக வயல் புல் மண்டிக் கிடக்கும். பாகம் பிரிப்பது தாமதமானாலும் பயிரிடுவது தாமதமாகத் தேவையில்லை. வாரிசுகள் ஒருவருக்குப் பொறுப்பு எழுதிக் கொடுத்து, விளைச்சலைப் பராயிழ் (இஸ்லாமிய வாரிசுரிமை) பங்குப்படி பிரித்துக்கொள்ளலாம்.

வயலை மண் போட்டு நிரப்பி வீட்டுக்காணியாக விற்கலாமே என்று யோசிப்பவர்களுக்கு: 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்பவோ வேறு தேவைக்குப் பாவிக்கவோ முடியாது.

படி 2: உடன்படிக்கையை எழுத்தில் போடுங்கள்

ஊரில் வயலைப் பார்க்கும் முல்லைக்காரரோடு பெரும்பாலும் வாய்ப்பேச்சுத்தான். "நம்ம காக்காதானே" என்று விட்டுவிடுவார்கள். பிரச்சினை வருவதும் அங்கேதான்.

வழி இரண்டு. ஒன்று காசுக் குத்தகை. ஏக்கருக்கு இவ்வளவு, இத்தனை போகம் என்று நிர்ணயித்துக் கொடுப்பது. இதில் மத்ஹப்களுக்கிடையே பெரிய தகராறு இல்லை.

மற்றது விளைச்சலில் பங்கு. நபியவர்கள் கைபர் நிலத்தை விளைச்சலில் பாதி என்ற பேச்சில் அங்கிருந்த யூதர்களிடமே பயிரிடக் கொடுத்தார்கள். ஆனாலும் ஷாஃபி மத்ஹபின் அடிப்படைக் கருத்து, வெறும் வயலைப் பங்குக்கு விடுவதை ஏற்பதில்லை. ஷாஃபி இமாமான நவவி ஆதாரங்களைப் பார்த்து அனுமதிக்கும் பக்கம் சாய்ந்தார். ஹனஃபியில் அபூ யூசுஃப், முஹம்மத் இருவரும், ஹன்பலிகளும் அனுமதிக்கிறார்கள். நம் ஊர் நடைமுறை இந்தக் கருத்துகளின் மேல்தான் நிற்கிறது.

எந்தக் கருத்தை எடுத்தாலும் ஒன்றுக்கு மட்டும் இடமில்லை. "வாய்க்கால் ஓரத்து வட்டையில் (வயல் பகுதியில்) விளைவது எனக்கு, மேட்டு வட்டையில் விளைவது உனக்கு" என்று இடம் குறித்துப் பிரிப்பது. ராஃபிஉ பின் கதீஜ் (ரழி) அறிவிக்கும் ஹதீஸில் தடுக்கப்பட்டது இதுதான். ஒரு பக்கம் விளைந்து மறுபக்கம் அழிந்தால் ஒருவர் வெறுங்கையோடு போவார். "எப்படிப் போனாலும் எனக்குப் பத்து மூடை" என்ற பேச்சும் பங்கு உடன்படிக்கையில் அதே காரணத்தால் செல்லாது. மொத்தத்தில் அரைவாசி, மூன்றிலொன்று என்றுதான் இருக்க வேண்டும்.

தாளில் வர வேண்டியவை: விதை யாருடையது, பசளை எண்ணெய்ச் செலவு யாருக்கு, அறுவடை இயந்திரக் கூலி பிரிப்பதற்கு முன்னா பின்னா, வெள்ளமோ வரட்சியோ வந்தால் குத்தகை எவ்வளவு குறையும். கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. விற்ற பழம் பேரிடரில் அழிந்தால் விலையைத் தள்ளிவிடும்படி நபியவர்கள் ஏவியதாக முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. ஷாஃபிகள் அதை விரும்பத்தக்கது என்கிறார்கள், மாலிகிகளும் ஹன்பலிகளும் கடமை என்கிறார்கள். உடன்படிக்கையிலேயே போட்டுவிட்டால் வெள்ளம் வந்தபின் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை. குத்தகை விவசாயியின் உரிமைகள் கமநலச் சட்டத்துக்கும் உட்பட்டவை என்பதால், கமநல சேவை நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

படி 3: தண்ணீர் முறை

மேல்வயலுக்கு முதல் உரிமை, தேவைக்குத் தேக்கியபின் கீழ்வயலுக்குத் திறந்துவிட வேண்டும். மதீனாவில் ஸுபைர் (ரழி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரிக்கும் வாய்க்கால் தகராறு வந்தபோது நபியவர்கள் தீர்த்த விதம் இது. அந்த அளவு கணுக்கால் வரை என்று பிறகு கணித்தார்கள். வயல் தண்ணீரைப் பிரித்துவிடும் நம் வட்டவிதானைமார் செய்வதும் ஏறக்குறைய இதேதான். மிச்சத் தண்ணீரைத் தடுப்பது ஹதீஸில் கண்டிக்கப்பட்ட காரியம். பக்கத்து வயல்காரர் எந்தச் சமயத்தவர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கொழும்பில் இருப்பவர் செய்ய வேண்டியது, போகம் தொடங்குமுன் நடக்கும் கன்னைக் கூட்டத்துக்குத் தம் பிரதிநிதியை அனுப்புவதும் அங்கே முடிவாகும் முறையை மீறாமலிருப்பதும்.

படி 4: விதைக்கும்போதே காசு கொடுங்கள்

எனக்கு இந்த வழிகாட்டியில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். கொழும்புக் குடும்பமொன்று வயலே இல்லாமலும் செய்யக்கூடியது.

விவசாயிக்குக் காசு தேவைப்படுவது ஒக்டோபர், நவம்பரில், விதைக்கும்போது. நெல் வருவது பெப்ரவரி, மார்ச்சில். நடுவில் கடைக்காரரோ மில்காரரோ பசளை கடன் கொடுக்கிறார். "அறுவடையை எனக்கே, நான் சொல்லும் விலைக்கே தர வேண்டும்" என்று கூடவே ஒரு கட்டுப்பாடு. கடனுக்காக விலையில் ஆதாயம் எடுப்பது ரிபாவின் (வட்டியின்) வாசல். தவணை பிந்தினால் மேலே போடுவது நேரடி ரிபா.

இதற்கு ஷரீஆவில் மாற்றாக இருப்பது ஸலம், அதாவது காசை முன்பே கொடுத்துப் பொருளைப் பிறகு வாங்கும் வியாபாரம். நபியவர்கள் மதீனாவுக்கு வந்தபோது மக்கள் ஓராண்டு, ஈராண்டுக்கு முன்பே காசு கொடுத்துப் பழம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நபியவர்கள் அதை ஒழிக்கவில்லை. முன்காசு கொடுப்பவர் தெரிந்த அளவுக்கும் தெரிந்த எடைக்கும் தெரிந்த தவணைக்கும் கொடுக்கட்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள்.

செய்யும் முறை:

1. தேவையைக் கணக்கிடுங்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கிலோ அரிசி என்று வைத்தால் ஐந்து பேர் வீட்டுக்கு 500 கிலோ. நெல்லில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் அரிசி தேறும். ஆகவே ஏறத்தாழ 800 கிலோ நெல்.

2. பொருளை விவரியுங்கள். நாடு, சம்பா, கீரிச்சம்பா என்ற நெல் வகைகளில் எது. ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இல்லாதது. பதர், கல் நீக்கியது.

3. எடை, ஒப்படைக்கும் இடம், திகதி மூன்றையும் குறியுங்கள். "அறுவடை முடிந்ததும்" என்று மொட்டையாக எழுதாமல், மார்ச் 31 என்று எழுதுங்கள்.

4. முழு விலையையும் உடன்படிக்கை நடக்கும் இடத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஷாஃபியில் இது நிபந்தனை. பாதி இப்போது, பாதி பிறகு என்றால் ஸலம் செல்லாது.

5. "இன்னாருடைய இன்ன வயலின் நெல்" என்று கட்டாதீர்கள். அந்த வயல் அழிந்தால் உடன்படிக்கைக்குப் பொருளே இல்லாமல் போகும். விவரித்த தரத்தில் எங்கிருந்தும் கொண்டுவந்து தருவது அவர் பொறுப்பு. சந்தையிலேயே கிடைக்காமல் போனால் நீங்கள் காத்திருக்கலாம், அல்லது கொடுத்த காசை அப்படியே திருப்பி வாங்கலாம். ஒரு சதமும் கூட்டக் கூடாது.

6. நெல் கைக்கு வருமுன் அதை இன்னொருவருக்கு விற்காதீர்கள்.

முன்காசு என்பதால் விலை அறுவடைக் கால விலையை விடச் சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு, அனுமதியும் உண்டு. ஆனால் நெருக்கடியில் இருப்பவரைப் பிழிந்து எடுத்த விலையை எல்லா நிபந்தனையும் சரியாக இருந்தாலும் என்னால் நல்ல வியாபாரம் என்று சொல்ல முடியாது. ஒரு மஹல்லாவில் இருபது குடும்பம் சேர்ந்து செய்தால் லொறிச் செலவும் குறையும், விவசாயிக்கும் வட்டிக்கடை தேவைப்படாது.

பச்சையாக நிற்கும் பயிரை விலை பேசி வாங்குவதை இதோடு குழப்ப வேண்டாம். கதிர் முற்றி வெளுக்குமுன் பயிரை விற்பதை நபியவர்கள் தடுத்தார்கள்.

படி 5: அறுவடையில் உஷ்ர் எடுப்பது

அறுவடை நாளில் அதன் உரிமையைக் கொடுங்கள் என்கிறது குர்ஆன் (6:141).

யார் கொடுப்பது? காசுக் குத்தகைக்கு விட்டிருந்தால் ஷாஃபி கருத்துப்படி பயிர் குத்தகைக்காரருடையது, உஷ்ரும் அவருக்கே. உங்களுக்கு வரும் குத்தகைக் காசு நிஸாபை (ஸகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவை) அடைந்து ஓராண்டு நின்றால் இரண்டரை வீதம். அபூ ஹனீஃபா நிலச் சொந்தக்காரர் மேல் வைக்கிறார். "அவர் கொடுப்பார்" என்று நீங்களும் "கொழும்பார் கொடுப்பார்" என்று அவரும் இருந்து யாருமே கொடுக்காமல் போவதுதான் ஊரில் நடப்பது. முதல் நாளே பேசிவிடுங்கள். பங்கு உடன்படிக்கையில் அவரவர் பங்குக்கு அவரவர். பயிரிடுபவர் முஸ்லிம் அல்லாதவர் என்றால் உங்கள் பங்குக்கு மட்டும்தான் கணக்கு.

எந்த அளவில் கடமையாகும்? ஐந்து வஸக். ஒரு வஸக் 60 ஸாஉ (இரண்டும் பழைய கொள்ளளவுகள்), ஆக 300 ஸாஉ. ஒரு ஸாஉ அரிசியைச் சுமார் 2.4 கிலோ என்று எடுத்தால் 720 கிலோ அரிசி. உமியோடு வைக்கும் நெல்லுக்கு ஷாஃபி நூல்கள் பத்து வஸக் என்று இரட்டிக்கின்றன, உமியின் இடத்தைக் கழிக்கத்தான். நல்ல போகத்தில் ஓர் ஏக்கரே 1,500 கிலோவைத் தாண்டும் என்பதால் பெரும்பாலோர் அளவைக் கடந்துவிடுவார்கள். பெரும்போகமும் சிறுபோகமும் ஒரே ஆண்டுக்குள் அறுக்கப்பட்டால் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சம்பா, நாடு என்ற நெல் வகைகளைச் சேர்க்கலாம். நெல்லோடு சோளத்தைச் சேர்ப்பதில்லை. அபூ ஹனீஃபாவிடம் குறைந்தபட்ச அளவே இல்லை, மரக்கறிக்கும் உண்டு. ஷாஃபியில் தானியங்களில் சேமித்து உண்ணும் பிரதான உணவுக்கு மட்டும்தான். தென்னை, கறுவா, கத்தரிக்காய்க்குப் பயிர் ஸகாத் இல்லை.

எவ்வளவு? மழை, ஆறு, ஊற்றுத் தண்ணீரால் விளைந்தால் பத்தில் ஒன்று. செலவழித்து இறைத்து விளைந்தால் இருபதில் ஒன்று. கல்லோயாத் திட்டத்தில் சேனாநாயக்க சமுத்திரத் தண்ணீரை வாய்க்காலில் எடுப்பவர் எதில் சேருவார் என்று அடிக்கடி கேட்கிறார்கள். வாய்க்கால் நீரை ஷாஃபி நூல்கள் மழையோடுதான் சேர்க்கின்றன. வாய்க்கால் செலவு ஒவ்வொரு பயிருக்கும் புதிதாக வருவதில்லையே. ஆகவே பத்தில் ஒன்று. டீசல் பம்ப் வைத்தே விளைவித்தவருக்குத்தான் அரைப் பங்கு. இரண்டும் பாதிப் பாதி என்றால் ஏழரை வீதம்.

உதாரணம்: மூன்று ஏக்கரில் காய்ந்து தூற்றிய நெல் 5,400 கிலோ. வாய்க்கால் நீர் என்றால் 540 கிலோ. முழுக்கப் பம்ப் என்றால் 270. பாதிப் பாதி என்றால் 405.

செலவைக் கழித்துவிட்டுக் கணக்கிடலாமா? பசளைக் கடன் இருக்கிறதே? ஷாஃபியும் ஹனஃபியும் சாகுபடிச் செலவைக் கழிப்பதில்லை. இயந்திரக் கூலியாக நெல் கொடுத்தால் அதுவும் மொத்தத்தில் சேரும். இன்றைய அறிஞர்களில் கடனையும் செலவையும் கழிக்க இடம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பசளை விலை இருக்கும் நிலையில் அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் கழிப்பதென்றால் ஆலிம் ஒருவரிடம் கேட்டுவிட்டுக் கழியுங்கள், கல்குலேட்டரிடம் கேட்டு அல்ல.

இப்போது வயலிலேயே ஈர நெல்லாக வியாபாரி ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். பங்கை ஒதுக்குமுன் முழுவதையும் விற்காதீர்கள். ஷாஃபியில் ஸகாத் பங்கை விற்பது செல்லாது. லொறி வருமுன் அந்த மூடைகளைத் தனியாக அடுக்கச் சொல்லுங்கள். ஷாஃபியில் நெல்லுக்கு நெல்தான். ஹனஃபியில் பெறுமதியைக் காசாகக் கொடுக்கலாம்.

விளைச்சல் அழிந்தால்? உங்கள் கவனயீனம் இல்லாமல், கொடுக்க வாய்ப்பு வருமுன் வெள்ளம் கொண்டுபோனால் அதற்குக் கடமையில்லை.  ஹிஜ்ரி 18ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் உமர் (ரழி) ஸகாத் வசூலைத் தள்ளிவைத்ததாகவும் வெளி மாகாணங்களிலிருந்து உணவு வரவழைத்ததாகவும் வரலாறு சொல்கிறது.

படி 6: கொழும்புக்குக் கொண்டுவராதீர்கள்

முஆத் (ரழி) அவர்களை யெமனுக்கு அனுப்பியபோது, அவர்களின் செல்வந்தரிடம் எடுத்து அவர்களின் ஏழைகளுக்கே கொடுக்கும்படி நபியவர்கள் சொன்னார்கள். அதனால்தான் பொருள் இருக்கும் ஊரிலேயே ஸகாத்தைப் பகிர வேண்டும் என்பது ஷாஃபியின் பிரபலமான கருத்து. சம்மாந்துறை நெல்லின் உஷ்ர் சம்மாந்துறைக்கு. கதிர் பொறுக்கியும் கூலிக்கு அறுத்தும் நெல் சேர்த்த பெண்களின் பிழைப்பை அறுவடை இயந்திரம் எடுத்துக்கொண்டது. அந்த வயலின் பங்கு அவர்களில் தகுதியானவர்களுக்குப் போவதை விடப் பொருத்தமானது எது? குர்ஆன் (9:60) சொல்லும் எட்டுப் பிரிவில் கடனாளியும் உண்டு. பசளைக் கடனில் மூழ்கிய சிறு விவசாயி அதில் வரலாம்.

படி 7: கொழும்பின் பங்கு

கொழும்பின் தோட்டங்களில் (நெருக்கமான சேரிக் குடியிருப்புகளில்) பசியோடு இருப்பவருக்கு என்ன என்று கேட்பீர்கள். இங்கே வசிப்பவரின் பித்ரா (நோன்புப் பெருநாள் தர்மம்) இங்கே. ஆளுக்கு ஒரு ஸாஉ அரிசி. நோன்பு வைக்க முடியாத முதியவரின் பித்யா (பரிகாரம்) நாளுக்கு ஒரு ‘முத்து’ என்ற அளவு, அதாவது ஸாஉவில் காற்பங்கு. சத்தியத்தை முறித்தவரின் பரிகாரத்தில் ஒரு வழி பத்து ஏழைகளுக்கு உணவு. இவையெல்லாம் உணவாகவே வரையறுக்கப்பட்டவை.

குறை எங்கே என்றால், பெருநாள் இரவில் ஒரே வீட்டுக்கு நான்கு பள்ளிவாசல்களின் அரிசி போகிறது, பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் இல்லை. கிடைத்தவர் மிச்சத்தைக் கடைக்கு மலிவாக விற்கிறார். பக்கத்து மஹல்லாக்கள் பெயர்ப்பட்டியலை ஒப்பிட்டாலே இது தீரும்.

மீதி மாதங்களுக்கு அஷ்அரீ கோத்திரத்தார் செய்ததைப் பாருங்கள். உணவு குறைந்தால் எல்லோரிடமும் இருப்பதை ஒரே துணியில் குவித்து, சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள் என்றார்கள் நபியவர்கள். ஜனவரியில் பழைய நெல் தீர்ந்து புது நெல் வராத இடைவெளியில் ஸதகா (விரும்பிக் கொடுக்கும் தர்மம்) அரிசியைக் கொண்டு ஒரு பள்ளி இதைச் செய்யலாம். ஸதகா என்பதால் அடுத்த வீட்டுத் தமிழருக்கும் சிங்களவருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம்.

படி 8: அரிசிக்கடை வைத்திருப்பவருக்கு

புறக்கோட்டையில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்பவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். பதுக்குபவன் பாவி என்ற ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. ஷாஃபி நூல்களின் வரையறை குறுகலானது: தட்டுப்பாட்டு நேரத்தில் பிரதான உணவை வாங்கி, விலை ஏறட்டும் என்று அடைத்து வைப்பது. சொந்த வயல் நெல்லைச் சேமிப்பதும், மலிவான காலத்தில் வாங்கி வைப்பதும், வீட்டுக்கு ஓராண்டு உணவு வைப்பதும் அதில் வராது. நபியவர்களே தம் வீட்டாருக்கு ஓராண்டு உணவு வைத்ததுண்டு. ஆனால் 2022இல் கதவை மூடிக்கொண்டு "ஸ்டொக் இல்லை" என்றது எந்த வரையறையிலும் தப்பாது.

சந்தை விலை தெரியாத விவசாயியை வழியிலேயே மறித்து வாங்குவதும் தடுக்கப்பட்டது. தம்புள்ளை, மரந்தகஹமுலை மொத்தச் சந்தைகளுக்கு வரும் லொறியை நினைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் அன்றைய விலையைச் சொல்லிவிட்டுப் பேரம் பேசினால் பிரச்சினை இல்லை.

படி 9: வயலை வக்பு செய்வதென்றால்

உமர் (ரழி) கைபரில் கிடைத்த நிலத்தைப் பற்றிக் கேட்டபோது, நிலத்தை அப்படியே நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மமாக்கும்படி நபியவர்கள் சொன்னார்கள். இதுதான் வக்பு. விற்கவும் முடியாது, அன்பளிப்புச் செய்யவும் முடியாது, வாரிசுக்கும் போகாது. பிரித்தால் யாருக்கும் உதவாத அளவுக்குத் துண்டாகும் வாரிசுக் காணிக்கு, எல்லா வாரிசும் மனமொத்தால், இது நல்ல வழி.

இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டத்தின் கீழ், கொழும்பிலுள்ள முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தினூடாகப் பதிவு செய்ய வேண்டும். நொத்தாரிசு உறுதியில் "பள்ளிக்கு" என்று மட்டும் எழுதினால் விளைச்சல் பெயின்டுக்கும் மினாராவுக்கும் போய்விடும். ஏழைகளின் உணவுக்கு என்றால் அப்படியே எழுதுங்கள். எந்த ஊர் ஏழைகள், நெல்லாகவா அரிசியாகவா, எந்த மாதங்களில் கொடுப்பது, அடுத்த போகத்தின் விதைக்கும் வாய்க்கால் திருத்தத்துக்கும் எவ்வளவு ஒதுக்குவது, வக்பை நிர்வகிக்கும் முதவல்லி யார், அவருக்குப் பின் யார், கணக்கை யார் பார்ப்பது என்பவையும் வர வேண்டும். உஷ்ர் கொடுத்த போகங்களின் எடைச் சிட்டைகளை ஒரு கோவையில் வைத்திருந்தால், வயல் எவ்வளவு தரும் என்று முதவல்லிக்குக் காட்ட அதைவிட வேறு தாள் தேவைப்படாது.